பணம் போச்சா, போகலையா?

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில் அரியமங்கலம் தாண்டினால் காட்டூர். திருவெறும்பூர்ப் பக்கம் ஷிஃப்ட் முடிந்து ஆட்கள் வீடு திரும்பும் நேரத்தில் சாலையோரக் கடைகளில் கூட்டம் சேரும். டீக்கடை, மளிகைக்கடை, பூக்கடை, ரீசார்ஜ் கடை என்று எல்லாக் கல்லாவிலும் ஒரு க்யூஆர் அட்டை, பக்கத்தில் ஒரு சவுண்ட் பாக்ஸ். பெரும்பாலும் இரண்டு மூன்று வினாடியில் காரியம் முடிந்துவிடும். சில நேரம் முடியாது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். பின்னால் நிற்பவர் எட்டிப் பார்ப்பார்.

“போச்சா தம்பி?”

“கட் ஆயிடுச்சுண்ணே. மெசேஜ் வந்துடுச்சு, பாருங்க.”

“எனக்குச் சத்தம் வரலையே.”

இந்தப் பேச்சுக்கு அடியில் கணினி அறிவியலின் பழைய சிக்கல் ஒன்று இருக்கிறது. ஒரு வேலை நடக்கவில்லை என்று கண்டுபிடிப்பது கணினிக்கு எளிது. எந்த வகையில் நடக்கவில்லை, எதிரே நிற்கும் மனிதர் அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்வது கடினம். பல செயலிகள் அந்தக் கடினமான பாதியைத் தொடுவதே இல்லை. “மன்னிக்கவும், ஏதோ தவறு நிகழ்ந்துவிட்டது” என்று ஒதுங்கிக்கொள்கின்றன. பணிவுக்குக் குறைவில்லை. தகவல்தான் இல்லை.

இத்தனைக்கும் தகவல் செயலியிடம் இருக்கிறது. யூபிஐ 2016 ஏப்ரல் 11 அன்று சோதனை அளவில் தொடங்கியது. 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டியது. டீக்குக் கொடுக்கும் பன்னிரண்டு ரூபாய்கூட வாடிக்கையாளரின் செயலி, அந்தச் செயலிக்குப் பின்னால் இருக்கும் வங்கி, நடுவில் தேசியக் கொடுப்பனவுக் கழகமான என்பிசிஐயின் சர்வர், வாடிக்கையாளர் கணக்கு வைத்திருக்கும் வங்கி, கடைக்காரரின் வங்கி என்று சுற்றிவிட்டுத்தான் வந்து சேர்கிறது. எங்கே தடைபட்டாலும் பதிலோடு ஒரு குறியெண் வரும். 00 என்றால் நல்லபடி முடிந்தது. இசட்9 என்றால் கணக்கில் பணம் போதாது. இசட்எம் என்றால் பின் நம்பர் தவறு. இசட்6, தவறான பின்னைப் போடும் தடவைகள் வரம்பு தாண்டிவிட்டன. இசட்எச், அப்படி ஒரு யூபிஐ முகவரியே இல்லை. எக்ஸ்ஒய், பணம் எடுக்க வேண்டிய வங்கியின் மையக் கணினி இணைப்பில் இல்லை. யூ69, பணம் கேட்டு அனுப்பிய கோரிக்கை காலாவதியாகிவிட்டது. இப்படி நூற்றுக்கும் மேல்.

குறியெண்ணை அப்படியே திரையில் காட்டினால் டீக்கடையில் யாருக்கும் விளங்காது. எல்லாவற்றையும் மூடி மறைத்து ஒரே வாக்கியம் காட்டினாலும் விளங்காது. நடுவில் யாரோ உட்கார்ந்து இந்த நூற்றுச்சொச்சத்தையும் சில கூறுகளாகப் பிரிக்க வேண்டும். எதை வைத்துப் பிரிப்பது?

என்பிசிஐ வைத்திருக்கும் பிரிவினை இரண்டே கூறு. ஒன்று தொழில்நுட்ப நிராகரிப்பு: வங்கியின் அல்லது என்பிசிஐயின் கணினியோ பிணையமோ வேலை செய்யாததால் நின்றுபோனவை. மற்றது வணிக நிராகரிப்பு: தவறான பின், தவறான கணக்கு விவரம், ஒரு நாளுக்கான தொகை வரம்பு, தடவை வரம்பு போன்ற காரணங்களால் நின்றவை. பெரிய வங்கிகள் ஒவ்வொன்றுக்கும் இந்த இரண்டு விகிதங்களையும் மாதந்தோறும் வெளியிடுகிறார்கள். எந்த வங்கியின் கணினி நொண்டுகிறது என்று ஊரறியத் தெரிந்துவிடும். தொழில்நுட்பத் தலைவர்கள் பதில் சொல்ல வேண்டி வரும். நல்ல ஏற்பாடு.

ஆனால் அது ‘யார் பொறுப்பு’ என்ற கேள்விக்குச் செய்த பிரிவினை. கல்லா முன் நிற்பவருக்கு அந்தக் கேள்வியே இல்லை. வணிக நிராகரிப்பு என்ற ஒரே கூட்டுக்குள் இருப்பவற்றைப் பாருங்கள். பின் தவறு என்றால் அங்கேயே நின்று இன்னொரு தடவை போடலாம். பணம் போதாது என்றால் வேறு கணக்கிலிருந்து போடலாம். நாள் வரம்பு தீர்ந்துவிட்டது என்றால் நாளைவரை அந்தக் கணக்கு உதவாது. பையில் நோட்டு இருக்கிறதா என்று தேட வேண்டும். கணக்கே முடக்கப்பட்டிருந்தால் வங்கிக் கிளைக்குப் போக வேண்டும். நான்குக்கும் நான்கு நடவடிக்கை. மறுபக்கம், வங்கிக் கணினி இணைப்பில் இல்லை என்ற தொழில்நுட்பக் கோளாறும், பணம் போதாது என்ற வணிகக் காரணமும் கல்லாவில் ஒரே இடத்துக்கு வந்து நிற்கின்றன: வேறு வங்கிக் கணக்கைத் தேர்ந்தெடுங்கள்.

ஆகவே திரையில் வரும் வாக்கியத்துக்கு உரிய பிரிவினை வேறு. கோளாறு எங்கே பிறந்தது என்பதைத் தள்ளி வைத்துவிட்டு, அடுத்து என்ன செய்யலாம் என்பதை வைத்துக் கூறு போட வேண்டும். உடனே திருத்தி மறுபடி செய்யலாம். எதையும் மாற்றாமல் சற்றுப் பொறுத்துச் செய்யலாம். இந்த வழியை விட்டு வேறு வழி பிடிக்கலாம். ஓர் ஆளிடம் போய்த்தான் ஆக வேண்டும். எத்தனை நூறு குறியெண் இருந்தாலும் இந்த நாலைந்து கூடைக்குள் அடங்கிவிடும். அடங்காத ஒன்று உண்டு. அதற்குத் தனியாக வருவோம்.

தமிழ்நாட்டில் இந்தப் பிரிவினையை ஏற்கெனவே எல்லோரும் காதால் கேட்டுப் பழகியிருக்கிறார்கள். செல்போனில் கூப்பிடும்போது வரும் பதிவுக் குரல்தான் அது. வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார். ஸ்விட்ச் ஆஃப் செய்யப்பட்டுள்ளது. தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார். எண்ணைச் சரிபார்க்கவும். இந்த வழித்தடத்தில் எல்லா இணைப்புகளும் உபயோகத்தில் உள்ளன. ஐந்தில் எதைக் கேட்டாலும் அடுத்து என்ன செய்வது என்று பாட்டிக்கும் தெரியும். பேசிக்கொண்டிருந்தால் ஐந்து நிமிடம் கழித்துக் கூப்பிடுவார். எல்லைக்கு வெளியே என்றால், பஸ்ஸில் வந்துகொண்டிருப்பான் என்று விட்டுவிடுவார். ஸ்விட்ச் ஆஃப் என்றால் கவலைப்பட ஆரம்பித்து, பக்கத்து வீட்டுப் பையன் நம்பருக்கு அடிப்பார்.

அந்தக் குரல்களுக்குப் பின்னாலும் குறியெண்கள்தான். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் க்யூ.850 என்ற தரநிலை, ஓர் அழைப்பு ஏன் முடிந்தது என்பதற்கு 127 வரை எண் வைத்திருக்கிறது. 1 என்றால் யாருக்கும் ஒதுக்கப்படாத எண். 17 என்றால் எதிராளி வேறு அழைப்பில். 19, மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. 20, சந்தாதாரர் பிணையத்தில் இல்லை. 34, இணைப்புப் பாதை காலியில்லை. வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்துக்கு நடுவில் ஸ்ரீரங்கத்திலிருந்து வீட்டுக்குப் போன் போட முயன்றவர்கள் இதன் குடும்பத்தைச் சந்தித்திருப்பார்கள். நெறிமுறைப் பிழை, செய்தி வடிவப் பிழை என்று பொறியாளர்களுக்கு மட்டுமே வேண்டிய எண்கள் அந்தப் பட்டியலில் ஏராளம். அவற்றுக்கெல்லாம் தனித்தனிக் குரல் யாரும் பதிவு செய்யவில்லை. பட்டியலில் அத்தனை எண்கள், கேட்பவர் காதுக்கு அரை டஜன் வாக்கியம். யாருடைய யோசனையோ, சரியான யோசனை.

எண்ணிலேயே வகையைப் புதைத்துவிடும் பழக்கம் இணையத்தின் தொடக்க காலத்திலிருந்தே இருக்கிறது. கோப்புகளை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பும் எஃப்டிபி முறைக்கு 1974-இல் ஜான் போஸ்டல் திருத்திய பதில் எண்களின் பட்டியல் ஒன்றை எழுதினார். மூன்று இலக்கம், முதல் இலக்கம் வகை. 4-இல் தொடங்கினால் தற்காலிகத் தடை, பிறகு இதே கட்டளையை அனுப்பிப் பார். 5-இல் தொடங்கினால் நிரந்தரத் தடை, இதையே திரும்ப அனுப்பாதே. மற்ற இலக்கங்கள் புரியாவிட்டாலும் முதல் இலக்கம் ஒன்றே போதும், எதிர்முனை நிரல் என்ன செய்ய வேண்டும் என்று முடிவெடுத்துவிடும். மின்னஞ்சலுக்கான 1982-ஆம் ஆண்டு விதிகளும் இதையே எடுத்துக்கொண்டன. மின்னஞ்சல் சர்வர் 450 என்றால் அனுப்புகிற சர்வர் காத்திருந்து மறுபடி தட்டும். 550 என்றால் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடும்.

வலைத்தளங்கள் வந்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. எச்டிடிபி விதிகள் அதே மூன்று இலக்கத்தை வாங்கிக்கொண்டு பொருளை மாற்றிவிட்டன. அங்கே 4 என்றால் கேட்டவர் பக்கத்துத் தவறு, 5 என்றால் சர்வர் பக்கத்துத் தவறு. அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்லிக்கொண்டிருந்த இலக்கம், யார் மீது தவறு என்று சொல்லும் இலக்கமாகிவிட்டது. உலகப் புகழ்பெற்ற 404 அந்தக் கணக்கில் ‘உங்கள் தவறு’ வரிசையில் இருக்கிறது. பக்கத்தை நீக்கியவர் தளத்துக்காரராகவே இருந்தாலும் சரி. இன்றைய செயலிகள் பெரும்பாலும் எச்டிடிபியின் மேல் எழுந்தவை. 4 வந்தால் ‘நீங்கள் தவறு செய்துவிட்டீர்கள்’, 5 வந்தால் ‘எங்களிடம் கோளாறு’ என்று திரையில் எழுதும் பழக்கம் இங்கிருந்து வந்திருந்தால் வியப்பில்லை.

மிகக் குறைந்த நேரத்தில் வகை பிரிக்க வேண்டியிருந்த ஒரு பிழை நிலாவுக்கு அருகே வந்தது. 1969 ஜூலை 20, அப்பல்லோ 11-இன் இறங்குகலம் நிலவை நெருங்கிக்கொண்டிருந்தபோது கணினித் திரையில் 1202 என்ற எச்சரிக்கை வந்தது. ஆம்ஸ்ட்ராங்குக்கும் ஆல்ட்ரினுக்கும் அந்த எண்ணின் பொருள் தெரியவில்லை. ஹூஸ்டனிடம் கேட்டார்கள். அங்கே ஜாக் கார்மன் என்ற 24 வயதுப் பொறியாளரிடம் விடை இருந்தது. சில வாரங்களுக்கு முன் ஒத்திகை ஒன்றில் இதே மாதிரி எச்சரிக்கை எண் வந்து, தேவையில்லாமல் தரையிறக்கத்தைக் கைவிட்டிருந்தார்கள். அதன்பின், வரக்கூடிய எல்லா எச்சரிக்கை எண்களையும் எடுத்து, எதற்கு என்ன செய்ய வேண்டும் என்று கையால் பட்டியல் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார் கார்மன். 1202 என்றால் கணினிக்கு வேலை மிஞ்சிவிட்டது, முக்கியமில்லாதவற்றைக் கைவிட்டு மறுபடி தொடங்கிக்கொள்கிறது என்று பொருள். இடைவிடாமல் வராதவரை இறங்கலாம். விண்வெளி வீரர்கள் காதுக்கு அந்த விளக்கம் எதுவும் போகவில்லை. போனது ஒரே முடிவு: இறங்கலாம். பிறகு 1201 வந்தபோது, அதே வகைதான் என்று உடனே பதில் போயிற்று. கார்மனின் பட்டியல் சரியான கேள்விக்காக எழுதப்பட்டிருந்தது. ஏன் வந்தது என்பதைத் தரையில் உட்கார்ந்து மெதுவாக ஆராயலாம். தொடரலாமா கூடாதா என்பதற்குத்தான் நேரமில்லை.

திரையில் வரும் சொற்களைப் பற்றி முதலில் கடுமையாகப் பேசியவர்களில் ஒருவர் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் பென் ஷ்னைடர்மன். 1982-இல் எழுதிய கட்டுரையில், கணினிச் செய்திகள் பயனரைக் குற்றவாளிபோல் நடத்துவதைக் கண்டித்தார். சட்டவிரோதமான உள்ளீடு, உயிர்போக்கும் பிழை என்கிற தோரணையில்தான் அன்றைய எந்திரங்கள் பேசின. அதன் பிறகு தோரணை மாறியது. இன்று செயலிகள் சிரிக்கும் பொம்மையைக் காட்டி ‘அச்சச்சோ!’ என்கின்றன. தொனியைத் திருத்திவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைத்துவிட்டார்கள். ஷ்னைடர்மன் கேட்டது தொனியை மட்டுமல்ல. செய்தி குறிப்பாக இருக்க வேண்டும், திருத்தும் வழியைக் காட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துத்தான். வீட்டு வாடகை போகாமல் நிற்கிறவருக்குப் பொம்மை சிரிப்பது எரிச்சலைத்தான் கூட்டும்.

எல்லா நேரமும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடவும் கூடாது. உள்நுழையும் பக்கத்தில் ‘பயனர் பெயர் அல்லது கடவுச்சொல் தவறு’ என்று வருவது சோம்பேறித்தனமல்ல. கடவுச்சொல் மட்டும்தான் தவறு என்று சொல்லிவிட்டால், அந்தப் பெயரில் கணக்கு இருப்பது திருடனுக்கு உறுதியாகிவிடும். கார்டு உலகில் இதற்கு நீண்ட பழக்கம் உண்டு. 1987-இல் வந்த ஐஎஸ்ஓ 8583 தரநிலையில் 51 என்றால் பணம் போதாது, 54 என்றால் கார்டு காலாவதி, 91 என்றால் கார்டு கொடுத்த வங்கி பதில் தரவில்லை, 43 என்றால் திருட்டுக் கார்டு. துணிக்கடைக் கவுன்ட்டரில் இருக்கும் எந்திரம் ‘திருட்டுக் கார்டு’ என்று பெரிய எழுத்தில் காட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளலாம். காரணம் சொல்ல விரும்பாத வங்கிகளுக்காகவே 05 என்று ஒன்று இருக்கிறது. ‘ஏற்க வேண்டாம்’, அவ்வளவுதான். யூபிஐயில் கே1, மோசடி என்று சந்தேகம். இவற்றைக் கூடையில் போடும்போது ‘பயனருக்கு என்ன செய்ய முடியும்’ என்பதோடு ‘இதைக் கேட்பவர் பயனர்தானா’ என்ற கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. வங்கியைத் தொடர்புகொள்ளவும் என்று மட்டும் சொல்வது இங்கே நேர்மையான பதில். மற்ற இடங்களில் அதே வாக்கியம் தட்டிக்கழிப்பு.

இனி, கூடையில் அடங்காத அந்த ஒன்று.

இதுவரை சொன்ன எல்லாமே ‘நடக்கவில்லை’ என்று உறுதியாகத் தெரிந்தவை. காட்டூர்க் கல்லாவில் எழுந்த கேள்வி அப்படிப்பட்டதல்ல. வாடிக்கையாளரின் வங்கி பணத்தைக் கழித்துவிட்டது. கடைக்காரரின் வங்கிக்கு ‘வரவு வை’ என்று செய்தி போயிற்று. பதில் வரவில்லை. அந்த வங்கி வரவு வைத்துவிட்டு, பதில் வழியில் தொலைந்ததா? அல்லது செய்தியே போய்ச் சேரவில்லையா? கேட்டவர் இடத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மௌனம்.

இது யாருடைய திறமைக் குறைவும் இல்லை. செய்திகள் தொலையக்கூடிய ஒரு பாதையில், இரண்டு தரப்பும் ‘முடிந்தது’ என்பதில் ஐயமில்லாமல் ஒன்றுபடவே முடியாது என்பது நிறுவப்பட்ட முடிவு. அக்கோயுன்லு, ஏகநாதம், ஹியூபர் ஆகிய மூவர் 1975-இல் இந்தச் சிக்கலை எழுதினார்கள்; 1978-இல் ஜிம் கிரே ‘இரண்டு தளபதிகள்’ என்று அதற்குப் பெயர் வைத்தார். இரண்டு மலைகளில் இரண்டு படை, நடுப் பள்ளத்தாக்கில் எதிரி. ஒரே நேரத்தில் தாக்கினால்தான் வெற்றி. தூதன் போய்ச் சேர்ந்தானா என்று அறிய ஒரு பதில் தூதன், அவன் சேர்ந்தானா என்று அறிய இன்னொருவன். எத்தனை பேர் ஓடினாலும் கடைசியாக ஓடியவனைப் பற்றிய சந்தேகம் மிச்சமிருக்கும்.

சந்தேகத்தை ஒழிக்க முடியாது என்றால், எந்தப் பக்கம் சாய்வது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும். யூபிஐ வைத்திருக்கும் முடிவு சமச்சீரற்றது. இங்கே வரும் பிரிவினைகளிலேயே அழகானது அதுதான். பணம் கழிக்கும் வங்கி குறித்த நேரத்தில் பதில் தராவிட்டால், பரிவர்த்தனை தோற்றதாகக் கொண்டு, ஒருவேளை கழித்திருந்தால் திருப்பு என்று அதற்குச் செய்தி அனுப்பப்படும். வரவு வைக்கும் வங்கி பதில் தராவிட்டால் நிலைமை தலைகீழ்: வெற்றி பெற்றதாகவே கருதப்படும். வங்கிகளுக்கு இடையிலான கணக்குத் தீர்ப்பில் பணம் அந்த வங்கிக்குப் போய்விடும். கடைக்காரர் கணக்கில் வைப்பதோ, முடியாவிட்டால் திருப்பி அனுப்புவதோ அந்த வங்கியின் பொறுப்பு. ஆக, வாடிக்கையாளர் ‘கட் ஆயிடுச்சு’ என்பதும் கடைக்காரர் ‘வரலை’ என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம்.

சவுண்ட் பாக்ஸ் வெற்றியை மட்டும்தான் பேசும். தோல்விக்கும் தாமதத்துக்கும் அதனிடம் ஒரே பதில், அமைதி. வாடிக்கையாளர் திரையைக் கடைக்காரர் நம்பாததற்கும் காரணம் இருக்கிறது. பணம் போனதுபோல் பொய்த்திரை காட்டும் போலிச் செயலிகள் ஊரில் உலவுகின்றன. அதனால் கடைக்காரர் “இன்னொரு தடவை போடுங்க தம்பி, அது திரும்ப வந்துடும்” என்கிறார். இந்த இடத்தில்தான் செயலி காட்டும் வாக்கியத்துக்கு விலை உண்டு. ‘தோல்வி, மீண்டும் முயல்க’ என்று காட்டினால் இரண்டு தடவை பணம் போக வாய்ப்பு. ‘வெற்றி’ என்று காட்டினால் கடைக்காரருக்கு நஷ்டம் வர வாய்ப்பு. ‘நிலுவையில்’ என்ற ஒற்றைச் சொல்லும் பாதி உதவிதான். எதுவரை, பிறகு என்ன என்பது அதில் இல்லை.

அந்தக் கணக்கு எழுதப்பட்டே இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கைப்படி, ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பிய யூபிஐ பணம் கழிந்து வரவு வைக்கப்படாவிட்டால், மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். கடைக்குச் செலுத்தியதாக இருந்து, கடைக்கு உறுதிச் செய்தி வராவிட்டால் ஐந்து நாள் அவகாசம். அதற்குமேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு, வாடிக்கையாளர் கேட்காமலேயே. ‘பணம் உங்கள் கணக்கிலிருந்து கழிந்துள்ளது. கடைக்குச் சேர்ந்ததா என்று இன்னும் தெரியவில்லை. மறுபடி அனுப்ப வேண்டாம். சேராவிட்டால் இந்தத் தேதிக்குள் தானாகத் திரும்பிவிடும். இதுதான் பரிவர்த்தனை எண்’ என்று திரை சொல்லலாம். நீளம்தான். கல்லாவில் நிற்பவர் அதைப் படிப்பார், ஏனெனில் அது அவர் பணம்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லாத எந்திரங்களால் எந்திரங்களையே நெருக்கித் தள்ளவும் முடியும். 2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை, நாடெங்கும் யூபிஐ பல மணி நேரம் தடுமாறியது. காரணம் தேடியபோது அகப்பட்டவற்றில் முக்கியமானது, ‘அந்தப் பரிவர்த்தனை என்ன ஆயிற்று’ என்று சில வங்கிகளின் கணினிகள் இடைவிடாமல் அனுப்பிய நிலை விசாரணைகளின் வெள்ளம். பதில் தாமதமானதும் விசாரணை. விசாரணைக்குப் பதில் தாமதமானதும் இன்னொரு விசாரணை. பழைய பரிவர்த்தனைகளைப் பற்றிக்கூடக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதன்பின் என்பிசிஐ விதிகளை இறுக்கியது. 2025 ஆகஸ்ட் 1 முதல், நிலுவையில் உள்ள ஒரு பரிவர்த்தனையின் நிலையை மூன்று தடவைக்கு மேல் கேட்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் நடுவே 90 வினாடி இடைவெளி வேண்டும்.

நிரலாளர் மேசையில் இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெளியிலிருந்து வரும் குறியெண்ணை, நிரலுக்குள் நுழையும் வாசலிலேயே பிடித்து நாலைந்து வகைகளில் ஒன்றாக மாற்றிவிடுவார்கள். உள்ளே மற்ற யாரும் இசட்9, எக்ஸ்ஒய் என்று பேசுவதில்லை. மூலக் குறியெண்ணும் நேரமும் பதிவேட்டில் பத்திரமாக இருக்கும், புகார் வந்தால் தேடிப் பிடிக்க. சிக்கல் புதிதாக வரும் எண்களில். செயலி எழுதியபோது இல்லாத எண் ஒன்றை வங்கி அடுத்த மாதம் அனுப்பத் தொடங்கும். அட்டவணையில் இல்லாததை எந்த வகையில் போடுவது? பெரும்பாலோர் பழக்கத்தில் ‘தோல்வி, மீண்டும் முயல்க’ என்று போட்டுவிடுகிறார்கள். பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் அது ‘தெரியவில்லை, மறுபடி அனுப்ப வேண்டாம்’ வகைக்குத்தான் போக வேண்டும்.

செய்தியைப் படிப்பவரும் பாதிக்கப்படுபவரும் வேறு வேறு ஆட்களாக இருக்கும் இடம் ரேஷன் கடை. தமிழ்நாட்டில் ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தோடு 2020 அக்டோபரில் கைரேகைச் சரிபார்ப்பு வந்தது. பில் போடும் கருவி விற்பனையாளர் கையில் இருக்கிறது. அதன் திரையை அட்டைதாரர் பார்ப்பதில்லை. அவர் கேட்பது விற்பனையாளர் வாயால் வரும் ஒரே வாக்கியம்: “ரேகை விழலைம்மா.”

உள்ளே நடப்பது அவ்வளவு ஒற்றையானதில்லை. ஆதார் ஆணையத்தின் பிழைப் பட்டியலில் 300 என்றால் கைரேகை பொருந்தவில்லை. 330 என்றால் ஆதாரை வைத்திருப்பவரே தன் கைரேகையைப் பூட்டி வைத்திருக்கிறார். 811 என்றால் மையக் கிடங்கில் அவர் ரேகைப் பதிவே இல்லை. 562 என்றால் கடைக் கருவியின் கடிகாரம் முன்னால் ஓடுகிறது; விரலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இந்த நான்குக்கும் “விழலைம்மா, விரலைத் துடைச்சுட்டு வைங்க” என்றால் மூன்றில் துடைத்துப் பயனில்லை.

ஆணையம் இதை யோசிக்காமல் இல்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே பயனருக்குக் காட்ட வேண்டிய செய்தி என்ன, அவரிடம் சொல்ல வேண்டிய யோசனை என்ன என்று அட்டவணையே போட்டுக் கொடுத்திருக்கிறது. ரேகை பொருந்தாவிட்டால் மறுபடி வைக்கச் சொல். விரலைச் சுத்தம் செய்யச் சொல். வேறு விரலை வைக்கச் சொல். திரும்பத் திரும்பத் தோற்றால், பத்து விரலில் எது நன்றாக விழுகிறது என்று கண்டறியும் சோதனைக்கு அனுப்பு. அதுவும் உதவாவிட்டால் பதிவு மையத்தில் ரேகையைப் புதுப்பிக்கச் சொல். 500-இல் தொடங்கும் குறியாக்கம், செய்தி வடிவம் சார்ந்த எண்களுக்கு விளக்கம் காட்டத் தேவையில்லை, ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்று எண்ணை மட்டும் காட்டினால் போதும் என்கிறது. மக்களுக்கானது எது, பொறியாளருக்கானது எது என்ற கோடு தெளிவாக இருக்கிறது.

300 மட்டும் அந்தக் கோட்டில் சரியாக உட்காரவில்லை. கிரைண்டிங், வெல்டிங் செய்யும் கைகளிலும், சிமென்ட் குழைக்கும் கைகளிலும், முதுமையில் வறண்ட விரல்களிலும் ரேகை மங்கியிருப்பது சகஜம். விரலைச் சாய்த்து வைத்தாலும், கண்ணாடி அழுக்காக இருந்தாலும், ரேகையே தேய்ந்திருந்தாலும், உண்மையிலேயே வேறொரு ஆள் வந்து நின்றாலும் கணினி தருவது 300 ஒன்றைத்தான். அதற்குத் தெரிந்தது, ஒப்பீட்டு மதிப்பெண் வரம்பைத் தொடவில்லை என்பது மட்டும். ஆள் பொய் சொல்கிறார் என்று அது சொல்லவில்லை. வரிசையில் நிற்பவர்கள் காதில் அப்படித்தான் விழுகிறது.

அட்டவணையில் 300-க்கு எதிரே இருப்பவையெல்லாம் விரலைச் சரிசெய்யும் வழிகள். இன்றைக்கு அரிசி உண்டா என்பதற்கு அதில் பதில் இல்லை. அந்தப் பதில் வேறொரு காகிதத்தில் வந்தது. ரேகை பொருந்தாததாலோ இணைப்பு இல்லாததாலோ யாருக்கும் பொருள் மறுக்கக் கூடாது. குடும்பத்தில் வேறொருவர் ரேகையை வைக்கலாம். எதுவும் நடக்காவிட்டால் அட்டையைப் பார்த்து, பதிவேட்டில் எழுதிவிட்டுக் கொடுக்கலாம் என்பது ஆணையத்தின் 2017 அக்டோபர் 24 சுற்றறிக்கையின் சாரம். செல்போனுக்கு வரும் ஓடிபி, கருவிழிப் பதிவு போன்ற மாற்று வழிகளும் சேர்ந்தன. கருவித் திரையில் இந்த வழிகள் மூன்றாவது தோல்விக்குப் பிறகு தானாக எழுமா என்பது, மென்பொருளை எழுதியவர் 300-ஐ எந்த வகையில் சேர்த்தார் என்பதைப் பொறுத்தது. ‘மீண்டும் முயல்க’ வகையில் சேர்த்திருந்தால், விற்பனையாளர் பத்தாவது தடவையும் அதே கட்டைவிரலைத் துடைத்து வைக்கச் சொல்லிக்கொண்டிருப்பார்.